துல்லியக் கண்ணாடி வில்லையை அச்சில் அழுத்திச் செய்வது எப்படி

மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில், காய்ந்த தூளிலிருந்து தண்டையும் நாரையும் பிரித்தெடுக்கும் வேலையை இப்போது நிறம் பிரிக்கும் இயந்திரமே செய்கிறது. அந்த இயந்திரத்தின் கமராவைக் கழற்றிப் பார்த்த இளைஞர் ஒருவர், இந்த வில்லையை எப்படிச் செய்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். அதற்கு நான் சொன்ன பதிலை விரிவாக்கியே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்துவிட்டுத் தொழில்நுட்பப் பயிற்சிக்கோ, வெளிநாட்டு வில்லைத் தொழிற்சாலை வேலைக்கோ போகவிருக்கும் நம் பிள்ளைகள், பயிற்சியின் முதல் நாளிலேயே எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் விருப்பம்.

கண்ணாடியைத் தேய்த்து மெருகிடும் பழைய முறையில் கோள மேற்பரப்பு எளிதாகக் கிடைக்கும். இரண்டு பரப்புகளை எல்லாத் திசைகளிலும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே போனால், அவை தாமாகவே கோள வடிவத்துக்கு வந்து சேரும். ஆனால் மையத்தில் ஒரு வளைவும் ஓரத்தில் வேறொரு வளைவும் கொண்ட, கோளமல்லாத மேற்பரப்பு அப்படி வராது. ஒவ்வொரு வில்லையையும் தனித்தனியே செதுக்கி அளந்து திருத்த வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தையெல்லாம் ஓர் அச்சின் மீது ஒருமுறை செலவழித்துவிட்டு, பிறகு ஆயிரக்கணக்கான வில்லைகளை அதில் அழுத்தி எடுப்பதே இந்த முறை. ஈஸ்ட்மன் கொடாக் நிறுவனம் 1982இல் வெளியிட்ட வட்டுக் கமராவில், இவ்வாறு அழுத்திச் செய்த கோளமல்லாத கண்ணாடி வில்லையொன்று இருந்தது. இன்று லேசர் கருவிகளிலும் ஒளியிழைத் தொடர்பாடல் கருவிகளிலும் கமராக்களிலும் இத்தகைய வில்லைகள் பரவலாகப் பயன்படுகின்றன.

அச்சில் அழுத்துதல் என்ற பெயரைக் கேட்பவர்கள் அழுத்துவதே முக்கியமான வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். அச்சு வில்லையின் வடிவத்தைத் தொடங்கி வைக்கிறது. அந்த வடிவத்தை முடித்து வைப்பது ஆறும் விதம். புதிதாக வருபவர்கள் அழுத்தும் விசையைக் கூட்டிக் குறைத்துப் பல நாட்களை வீணாக்குவதையும், கெட்டுப்போன வில்லையின் காரணம் ஆற்றிய வேகத்தில் இருப்பதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே கீழே ஆற்றுதலைப் பற்றி அதிகமாகவும் மற்றவற்றைப் பற்றித் தேவைக்கேற்பவும் எழுதியிருக்கிறேன்.

கண்ணாடியைத் தெரிவுசெய்தல்

பனிக்கட்டியைப்போல் கண்ணாடி ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகுவதில்லை. சூடு ஏற ஏற அதன் பிசுக்குமை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் தன்மை, தொடர்ச்சியாகக் குறைந்துகொண்டே போகும். பிசுக்குமை ஏறத்தாழ 10¹² பசுக்கால் செக்கனாக இருக்கும் இடத்தை நிலைமாற்ற வெப்பநிலை என்றும், அது ஏறத்தாழ 40 இலட்சம் பசுக்கால் செக்கனாகக் குறையும் இடத்தை மென்மையாகும் வெப்பநிலை என்றும் கொள்கிறோம். அழுத்தும் வேலை இவ்விரண்டுக்கும் இடையில், பிசுக்குமை 10⁷ முதல் 10⁸ பசுக்கால் செக்கன் வரை உள்ள வெப்பநிலையில் நடக்கும்.

ஷொட் நிறுவனத்தின் என்-பீகே7 கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிலைமாற்ற வெப்பநிலை 557 பாகை செல்சியசு. மென்மையாகும் வெப்பநிலை 719 பாகை. இந்த 162 பாகைக்குள் பிசுக்குமை ஐந்து முறைக்கும் மேலாகப் பத்திலொன்றாக விழுகிறது. அதாவது, சராசரியாக 30 பாகைக்கு ஒருமுறை அது பத்திலொன்றாகக் குறைகிறது. வெப்பநிலையை 10 பாகை தவறாக வைத்தால் பிசுக்குமை இரு மடங்குக்கும் மேல் மாறிவிடும் என்பதை இந்தக் கணக்கிலிருந்தே காணலாம். நிலைமாற்ற வெப்பநிலைக்கு அருகில் இந்தச் சரிவு இன்னும் செங்குத்தானது. வெப்பநிலையை அளக்கும் வெப்பவிணையை அச்சின் எந்த இடத்தில் பொருத்துகிறோம், அதை எப்போது அளவுதிருத்தினோம் என்பவற்றில் நாம் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

வெப்பநிலை உயர்ந்தால் அச்சின் ஆயுள் குறையும். எனவே இந்த வேலைக்கென்றே நிலைமாற்ற வெப்பநிலை குறைந்த கண்ணாடிகளைத் தயாரிக்கிறார்கள். ஷொட்டின் பீ-எஸ்கே57க்கு அது 493 பாகை. ஓஹாராவின் எல்-பிஏஎல்35க்கு 527 பாகை. சுமிற்றாவின் கே-பீஜீ325க்கு 288 பாகை மட்டுமே. ஆயினும் வெப்பநிலை குறைவாக இருப்பதை மட்டும் பார்த்துத் தெரிவுசெய்துவிடக் கூடாது. பொசுபேற்று மிகுந்த கண்ணாடிகளில் சில, ஈரமான காற்றில் கிடந்தால் மேற்பரப்பு மங்கிக் கறை பிடித்துவிடும். மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும் நம் ஊர்களில் இதைச் சிறு குறையாக எண்ண முடியாது.

கலஹாவிலும் றத்தோட்டையிலும் தூய குவார்ட்சு கிடைக்கிறதே, அதை உருக்கி வில்லை செய்யலாகாதா என்று பலர் கேட்கிறார்கள். நம் மண்ணில் கிடைப்பதைப் பயன்படுத்த வேண்டும் என்ற அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தனிக் குவார்ட்சை உருக்கிப் பெறும் சிலிக்காக் கண்ணாடியை அச்சில் அழுத்த 1,300 பாகைக்கும் மேல் சூடு வேண்டும். ஒளியியற் கண்ணாடி என்பதோ பல ஒட்சைட்டுகளைச் சேர்த்து, கோடும் குமிழும் இல்லாமல் கலக்கி உருக்கிய பொருள். தொடங்கும்போது அதை விலைக்கு வாங்கத்தான் வேண்டும்.

முன்வடிவின் கனவளவு

அழுத்துவதற்கு முன் அச்சில் வைக்கும் கண்ணாடித் துண்டே முன்வடிவு. சிறிய குவிவு வில்லைகளுக்கு மெருகிட்ட பந்தும், பெரியவற்றுக்கு உருகிய நிலையில் சொட்டாக விழுந்து இறுகிய துண்டும், குழிவு வில்லைகளுக்குத் தட்டையான வட்டும் பொருந்தும். முன்வடிவின் மேற்பரப்பே வில்லையின் மேற்பரப்பாக மாறுகிறது. அதில் உள்ள கீறலை அழுத்தம் அழிக்காது.

கனவளவை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். விட்டம் 5 மில்லிமீற்றர், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் 5 மில்லிமீற்றர் ஆரையுள்ள குவிவு, ஓரத் தடிப்பு 1.5 மில்லிமீற்றர் என்று ஒரு வில்லையை வைத்துக்கொள்ளுங்கள். குவிவின் உயரம் 0.67 மில்லிமீற்றர், அந்தத் தொப்பியின் கனவளவு 6.73 கன மில்லிமீற்றர். கீழுள்ள உருளையின் கனவளவு 29.45. ஆக மொத்தம் 36.18 கன மில்லிமீற்றர் கண்ணாடி வேண்டும். இதற்குச் சமமான பந்தின் விட்டம் 4.10 மில்லிமீற்றர். பந்தின் விட்டம் நூறில் ஒரு மில்லிமீற்றர் கூடிவிட்டால் 0.26 கன மில்லிமீற்றர் கண்ணாடி மிகையாகும். உறையால் மூடப்பட்ட அச்சில் அது போக வேறிடம் இல்லாததால், வில்லையின் தடிப்பு 13 மைக்கிரோமீற்றர் கூடிவிடும். பந்துகளை அளப்பதோடு நில்லாமல் எடையும் பார்த்துப் பிரித்து வைக்கும் பழக்கம் இதனால்தான் வேண்டும். ஓரத்தைத் திறந்துவிட்டு அழுத்தி, பிறகு மையம் பிடித்து ஓரத்தைத் தேய்த்து எடுப்பது இன்னொரு வழி. வேலை ஒன்று கூடினாலும் கனவளவில் சிறிது தாராளம் கிடைக்கும்.

முன்வடிவின் வளைவு ஆரை அச்சுக் குழியின் ஆரையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதையும் சரிபாருங்கள். நம் உதாரணத்தில் பந்தின் ஆரை 2.05, குழியின் ஆரை 5. எனவே தொடுகை மையத்தில் தொடங்கி வெளியே பரவும், வாயுவும் வெளியேறிவிடும். மாறாக ஓரம் முதலில் தொட்டால் நடுவில் வாயு அடைபட்டு, வில்லையில் ஒரு பள்ளமாக நிற்கும்.

அச்சு

அச்சுக்குப் பெரும்பாலும் தங்குதன் காபைட்டையோ சிலிக்கன் காபைட்டையோ பயன்படுத்துகிறார்கள். தங்குதன் காபைட்டில் பிணைப்புப் பொருளாகச் சேர்க்கும் கோபால்ற்று மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருப்பது நல்லது. கோபால்ற்று சூட்டில் கண்ணாடியோடு ஊடாடி மேற்பரப்பைக் கெடுக்கும். இப்பொருள்களை வைரச் சில்லால் அரைத்துப் பிறகு மெருகிட வேண்டும். வடிவப் பிழை மைக்கிரோமீற்றரில் பத்திலொன்று அளவிலும், கரடுமுரடு சில நானோமீற்றர் அளவிலும் நிற்க வேண்டும். நிக்கல் பொசுபரசு பூசிய உருக்கை வைர உளியாலேயே கடைந்துவிடலாம், வேலையும் மிகச் சுலபம். ஆனால் சூடு கூடினால் அந்தப் பூச்சு பளிங்காகி உருமாறும் என்பதால், குறைந்த வெப்பநிலைக் கண்ணாடிகளுக்கு மட்டுமே அது உதவும்.

காபைட்டை அப்படியே விட்டால் கண்ணாடி அதில் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் பிளாற்றினம்–இரிடியம் போன்ற உயர் உலோகக் கலவையையோ வைரத்தை ஒத்த காபனையோ ஒரு மைக்கிரோமீற்றருக்கும் குறைந்த தடிப்பில் பூசுகிறார்கள். காபன் பூச்சு ஒட்சிசன் பட்டால் சூட்டில் சிதையும். உயர் உலோகப் பூச்சு விலை கூடினாலும் நிலைத்து நிற்கும். பூச்சு உரியத் தொடங்கிவிட்டதை வில்லையில் தோன்றும் மெல்லிய மூட்டம் முதலில் காட்டித்தரும். அந்த அறிகுறி தெரிந்ததும் அச்சைக் கழற்றிவிடுங்கள். இன்னும் நூறு வில்லை எடுத்துவிடலாம் என்று ஓட்டினால், அரைத்து மெருகிட்ட பரப்பே பறிபோகும்.

மேலச்சும் கீழச்சும் உறைக்குள் ஒரே அச்சுக்கோட்டில் நிற்க வேண்டும். மையம் விலகுவதாலும் சரிவதாலும் வரும் பிழையைப் பின்னர் எதனாலும் ஈடுசெய்ய முடியாது.

வெற்றிடமும் நைதரசனும், மலையின் உயரமும்

அச்சையும் முன்வடிவையும் தூசியற்ற காற்றோட்டத்தின் கீழ் கழுவி உலர்த்தி வைத்த பின், இயந்திரத்தின் அழுத்தும் அறையை மூடிக் காற்றை உறிஞ்சி, நைதரசனை நிரப்பி, மறுபடியும் உறிஞ்ச வேண்டும். இதை இரண்டு மூன்று முறை செய்தால் ஒட்சிசன் வெகுவாகக் குறைந்துவிடும்.

நம் மலைநாட்டில் வேலை செய்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டுக் காட்டும் சாதாரண முள் அளவியில், கடல் மட்டத்தில் முழு வெற்றிடம் 76 சென்ரிமீற்றர் இரசம் என்று காட்டும். ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹற்றனில் வளிமண்டல அமுக்கம் 87 கிலோபசுக்கால் அளவே இருப்பதால், முள் 65இல் நின்றாலே அது முழு வெற்றிடம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 61 அளவில் நிற்கும். கொழும்பில் எழுதிய அறிவுறுத்தலை வைத்துக்கொண்டு பம்பி பழுதென்று கழற்றியவர்களும் உண்டு. தனி அமுக்கத்தைக் காட்டும் அளவியை வாங்குங்கள். பசுக்காலில் காட்டும் அந்த எண் எந்த ஊரிலும் ஒரே பொருளைத் தரும். காற்றின் அடர்த்தியும் இங்கே குறைவு; எனவே மின்விசிறியால் குளிரூட்டும் மின்கருவிகளுக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி விடுங்கள்.

தென்மேற்குப் பருவத்தில் ஹற்றன், மஸ்கெலியாப் பக்கமும், வடகீழ்ப் பருவத்தில் பதுளைப் பக்கமும் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். முன்வடிவுகளை சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். குளிர்ந்த அறையில் கிடந்த பெட்டியைச் சூடான வேலை அறைக்குக் கொண்டுவந்தவுடன் திறக்க வேண்டாம். கண்ணாடியின் மீது பனி படிந்து, உலர்ந்தபின் தடம் விடும்.

மின்சாரம் நின்றால் என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்திருங்கள். சூடான அச்சுக்குள் காற்றுப் புகுந்தால் பூச்சு போய்விடும். ஆகவே மின்சாரம் நின்றவுடன் தானாகத் திறந்து நைதரசனை விடும் வால்வு அவசியம். அதே நைதரசன் மனிதருக்கு ஆபத்தானது. குளிருக்காகச் சன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு வேலை செய்வது நம் வழக்கம். மணமோ நிறமோ இல்லாத அந்த வாயு அறையில் நிறைந்து ஒட்சிசனைக் குறைத்தால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மயக்கம் வரும், உயிரே போகலாம். வெளியேறும் வாயுவைக் குழாயால் கட்டிடத்துக்கு வெளியே விடுங்கள். ஒட்சிசன் அளவியும் ஒன்று இருக்கட்டும்.

சூடாக்கலும் அழுத்தலும்

அகச்சிவப்பு விளக்குகளால் அச்சைச் சூடாக்கும்போது, வெப்பவிணை காட்டுவது அச்சின் வெப்பநிலையை மட்டுமே. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். எனவே குறித்த வெப்பநிலையை அடைந்தபின் ஓரிரு நிமிடமாவது காத்திருங்கள். முன்வடிவின் உட்பகுதி இறுக்கமாக இருக்கும்போது அழுத்தினால் அது வெடிக்கும், அல்லது அச்சில் தழும்பு விழும்.

பிறகு சிறிய விசையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். நம் 5 மில்லிமீற்றர் வில்லையின் முகப்பரப்பு ஏறத்தாழ 20 சதுர மில்லிமீற்றர். அதில் 400 நியூற்றன் விசை கொடுத்தால் அமுக்கம் 20 மெகாபசுக்கால். வடிவம் நிரம்பாவிட்டால் முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், அதற்கும் வராவிட்டால் வெப்பநிலையை 5 பாகை மட்டும் உயர்த்துங்கள், விசையைக் கடைசியாகத் தொடுங்கள். வெப்பநிலையை ஒரேயடியாக உயர்த்தினால் ஒட்டுதலும் பூச்சுத் தேய்வும் வேகமாக வரும்.

ஆற்றுதல்

அழுத்தி முடிந்ததும் விசையை முற்றாக எடுத்துவிடாதீர்கள். கண்ணாடி இன்னும் இளகிய நிலையிலேயே இருக்கிறது. சுருங்கும்போது அச்சை விட்டு விலகத் தொடங்கும். குறைந்த விசையொன்றைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே நிலைமாற்ற வெப்பநிலைக்குச் சில பத்துப் பாகை கீழே வரும்வரை மெதுவாக ஆற்றினால், கண்ணாடி அச்சோடு ஒட்டி நடந்துவரும். அதன் பின்னர் விசையை விடுத்து, நைதரசனைப் பாய்ச்சி வேகமாகக் குளிரவிட்டு, 200 பாகை அளவில் அழுத்தும் அறையைத் திறக்கலாம். முதற்பகுதியில் அவசரப்பட்டால் வெளிப்புறம் இறுகியபின் உட்புறம் சுருங்கித் தகைப்பு தங்கிவிடும். பரப்பின் நடுவில் மெல்லிய குழிவும் தோன்றும். வாட்டத்தில் அவசரப்பட்ட கொழுந்தை உருட்டும் இயந்திரத்தில் சரிசெய்ய முடியாது என்று தொழிற்சாலைப் பெரியவர்கள் சொல்வார்கள். இங்கே நிலைமை அப்படியே.

மெதுவாக ஆற்றினாலும் அச்சின் வடிவம் வில்லையில் அப்படியே வராது. கண்ணாடியின் நீள விரிகைத்திறன் பாகைக்குப் பத்து இலட்சத்தில் 9 பங்கு என்றும், சிலிக்கன் காபைட்டினுடையது 4 பங்கு என்றும் கொள்வோம். 490 பாகையில் வடிவம் உறைந்து 20 பாகைக்கு வருவதற்குள், 5 மில்லிமீற்றர் ஆரை அச்சின் ஆரையைவிட ஏறத்தாழ 12 மைக்கிரோமீற்றர் கூடுதலாகச் சுருங்கும். ஓரத்தில் அது 1.8 மைக்கிரோமீற்றர் உயர வேறுபாடாகத் தெரியும். 632.8 நானோமீற்றர் லேசர் ஒளியில், ஒளி அலைகளின் தலையீட்டைக் கொண்டு பரப்பை அளக்கும் தலையீட்டுமானியால் பார்த்தால் ஏறக்குறைய 6 வளையங்கள். நல்ல வில்லைக்கு ஒரு வளையத்தைக்கூட விட்டுக்கொடுக்காத இடங்கள் உண்டு என்பதால், இந்தச் சுருக்கத்தை அச்சு வரையும் நாளிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

முறிவுச் சுட்டியும் ஆற்றும் வேகத்தைப் பொறுத்தே அமைகிறது. உற்பத்தியாளரின் பட்டியலில் உள்ள எண், மணிக்குச் சில பாகை மட்டும் குறைத்து மிக மெதுவாக ஆற்றிய கண்ணாடிக்கு உரியது; அழுத்தும் இயந்திரத்தில் அதே கண்ணாடி மணிக்கு ஆயிரக்கணக்கான பாகை வேகத்தில் ஆறுகிறது. அதன் அணுக்களுக்கு நெருங்கி அடைய நேரம் போதாததால் அடர்த்தியும் சுட்டியும் குறையும். 1.587 என்று எழுதப்பட்ட கண்ணாடி 1.584இல் நின்றால், நம் வில்லையின் குவியத் தூரம் 8.518 மில்லிமீற்றரிலிருந்து 8.562 ஆக மாறும். வில்லையை வரைபவர் அழுத்தியபின் உள்ள சுட்டியையே பயன்படுத்த வேண்டும். ஆற்றும் வேகத்தை ஒருமுறை நிர்ணயித்த பிறகு, உற்பத்தியைக் கூட்டுவதற்காக அதை மாற்றவே கூடாது. பட்டியல் எண்ணை நம்பி வரைந்த ஒரு தொகுதி வில்லைகள் முழுவதும் குவியம் தவறியதால் ஒதுக்கப்பட்டதை, நான் பயிற்சி பெற்ற பட்டறையில் கண்டேன். அவற்றின் மேற்பரப்பில் ஒரு குறையும் இல்லை.

அளந்து அச்சைத் திருத்துதல்

முதல் அச்சில் எடுத்த வில்லையை உடனே அளந்து அச்சைத் திருத்த முனையாதீர்கள். வெப்பநிலை, நேரம், விசை ஆகியவற்றை ஒரே நிலையில் வைத்துப் பத்து வில்லைகளாவது எடுங்கள். அவற்றின் வடிவப் பிழைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வில்லைக்கு வில்லை மாறும் பிழையை அச்சால் திருத்த இயலாது. அதற்கான காரணம் சூட்டிலோ முன்வடிவின் கனவளவிலோ இருக்கும். ஒரு திசையில் மட்டும் வளைவு கூடியிருந்தால் அச்சின் ஒரு பக்கம் அதிகம் சூடாகிறது, அல்லது முன்வடிவு நடுவில் அமரவில்லை என்று எண்ணலாம்.

மையத்தைச் சுற்றிச் சமச்சீராக, எல்லா வில்லைகளிலும் ஒரே மாதிரியாக நிற்கும் பிழையே ஈடுசெய்யத் தக்கது. அதன் சராசரியை எடுத்து, குறியை மாற்றி அச்சின் வரைவில் சேர்த்து மீண்டும் அரைக்க வேண்டும். பல மைக்கிரோமீற்றரில் தொடங்கும் பிழை, இப்படி இரண்டு மூன்று சுற்றுகளில் ஒரு மைக்கிரோமீற்றருக்குள் வந்துவிடும். தலையீட்டுமானி கோளத்துக்கே எளிதில் பொருந்தும். கோளமல்லாத பரப்புக்கு ஊசிமுனையால் வருடி அளக்கும் வடிவமானி வேண்டும்.

தகைப்பைப் பார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரண்டு முனைவாக்கித் தாள்களின் நடுவே வில்லையைப் பிடியுங்கள். இருட்டாகவே இருந்தால் நல்லது; வெளிச்சத் திட்டுகள் தெரிந்தால் ஆற்றும் நேரத்தை நீட்டுங்கள். முறிவுச் சுட்டியை வில்லையில் நேரடியாக அளப்பது கடினமாதலால், அதே கண்ணாடியின் ஒரு கட்டையை அதே சுற்றில் சூடாக்கி ஆற்றி, அதை அளந்து கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் அச்சின் முகத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்து, எத்தனையாவது அழுத்தம் என்ற எண்ணோடு குறிப்பேட்டில் எழுதி, கழுவி உலர்த்தி, சிலிக்கா ஜெல் நீல நிறத்தில் இருப்பதை உறுதிசெய்தபின் பெட்டியை மூடுங்கள்.